முப்பது பேருக்கு எத்தனை மூட்டை?

அப்பாவை வேல்ஸில் இருக்கிற ஹார்லெக் கோட்டைக்குக் கூட்டிப்போனதில் ஒரு தொந்தரவும் ஒரு நன்மையும் இருந்தன. தொந்தரவு அவருடைய முழங்கால். நன்மை அவர் கேட்கிற கேள்விகள். நான் கோட்டை என்று போனால் பார்ப்பதெல்லாம் கோபுரம், சுவரின் தடிமன், மேலிருந்து தெரிகிற காட்சி, அப்புறம் ஃபோனில் வானம் நன்றாக விழுகிறதா என்பது, அவ்வளவுதான். அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் நெல் குடோனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மதில் மேல் கையை ஊன்றி, மூச்சு வாங்கி முடித்து, கீழே எட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்: "ஏன்டா, இவ்ளோ ஒசரத்துல இருக்கிறவனுக்கு மூட்டை எப்படிடா வரும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கோட்டையை ஏன் மலைமேல் கட்டுகிறார்கள் என்று கேட்டால் எதிரி ஏற முடியாது, தூரத்திலேயே வருகிறவனைப் பார்த்துவிடலாம் என்று எட்டாம் வகுப்புப் பையன்கூடச் சொல்லிவிடுவான். எதிரி ஏற முடியாத இடத்தில் அரிசி மட்டும் எப்படி ஏறும் என்று நான் யோசித்ததே இல்லை. அன்று ராத்திரி அறைக்கு வந்து படிக்க ஆரம்பித்தவன், இரண்டு வாரமாக இன்னும் நிறுத்தவில்லை.

நாங்கள் இருப்பது லிவர்பூல் பக்கம். திங்கட்கிழமையும் விடுமுறை வந்ததால் வடக்கு வேல்ஸில் மூன்று கோட்டைகள் பார்க்கத் திட்டம்: கான்வி, பியூமாரிஸ், ஹார்லெக். மூன்றையும் கட்டச் சொன்னது ஒரே ராஜா, இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட். வேலையைப் பொறுப்பாக நடத்தியது ஒரே ஆள், ஆல்ப்ஸ் பக்கம் சவாயிலிருந்து வந்த மாஸ்டர் ஜேம்ஸ். கான்வியும் ஹார்லெக்கும் 1283இல் தொடங்கியவை, பியூமாரிஸ் 1295இல். ராஜாவும் மேஸ்திரியும் ஒன்று, எதிரியும் ஒன்று, நடுவில் பன்னிரண்டே வருஷம். ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று துளியும் சாயல் இல்லாமல் நிற்கின்றன. காரணம் காலடியில் இருக்கிற மண்.

ஹார்லெக்கையே எடுத்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட 200 அடி உயரப் பாறை, கெட்டியான பழைய மணற்கல். மேற்கிலும் வடக்கிலும் செங்குத்தாக இறங்குகிறது. இதில் சுரங்கம் தோண்டிச் சுவரைச் சாய்க்கிற வேலையெல்லாம் நடக்காது, அந்தக் காலத்தில் கோட்டை பிடிப்பதற்கு அது ஒரு முக்கியமான வழி. பாறை காவல் காக்காத பக்கம் கிழக்கு மட்டும்தான், அங்கே நிலம் சமமாக ஊர் வரைக்கும் போகிறது. அதனால் அந்தப் பக்கம் பாறையை வெட்டி அகழி எடுத்து, அதன் பின்னால் கோட்டையிலேயே பெரிய கட்டடமான வாயில்மாடத்தை நிறுத்தியிருக்கிறார்கள். முதலில் அந்த வாயிலைப் பார்த்தபோது பெருமைக்காகக் கட்டியது என்றுதான் நினைத்தேன். நிலத்தில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே கல்லை அடைத்திருக்கிறார்கள் என்பது ஒரு சுற்று நடந்த பிறகுதான் உறைத்தது.

சரி, மூட்டைக்கு வருவோம்.

மேற்குப் பக்கம் பாறையை ஒட்டி ஒரு படிக்கட்டு கீழே இறங்குகிறது, 108 படி. அதன் அடியில் ஒரு வாயில். அதன் பெயர் நீர்வாயில். எட்டிப் பார்த்தால் நீர் எங்கே இருக்கிறது? புல், வீட்டுக் கூரைகள், ரயில் தண்டவாளம், ஒரு கால்ஃப் மைதானம், மணல்மேடு, எல்லாம் தாண்டிச் சுமார் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால்தான் கடல் பளபளக்கிறது. கட்டிய காலத்தில் கடல் இந்தப் பாறையடிக்கே வந்துகொண்டிருந்தது, கப்பல் நேராக அந்த வாயிலுக்கே வரும். அப்புறம் கரையோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளித் தள்ளிக் குவித்து, நூற்றாண்டுக் கணக்கில் கடலை வெளியே அனுப்பிவிட்டது. மேலே நின்று பார்க்கிற எவனுக்கும் இது மலைக்கோட்டை. கட்டியவனுக்கு இது துறைமுகம், பாறையின் உதவியோடு.

வேல்ஸ்காரர்களுக்கு இந்தப் பாறையைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. பிரான் என்கிற ராட்சத ராஜா ஒருநாள் இதே பாறைமேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அயர்லாந்திலிருந்து பதின்மூன்று கப்பல்கள் வருவதைப் பார்த்தானாம். கதையிலும் இந்தப் பாறைக்கு வேலை கடலைப் பார்ப்பதுதான்.

கட்டி முடித்த பிறகு ஹார்லெக்குக்கு ஒதுக்கிய காவல்படை எத்தனை பேர் தெரியுமா? முப்பது. அதில் பத்துப் பேர் குறுக்குவில் வீரர்கள், அப்புறம் ஒரு பாதிரியார், ஒரு கொல்லர், ஒரு தச்சர், ஒரு கல்தச்சர். கட்டுகிறபோது 1286 கோடையில் 900 பேருக்கு மேல் வேலை செய்த இடம், காவலுக்கு முப்பது பேர் போதும் என்று விட்டிருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் காபிக் கடை மேசைமேல் கிடந்த ரசீதைத் திருப்பிப் பேனா எடுத்தார். ஆளுக்கு அரை கிலோ என்றால் ஒரு நாளைக்கு 15 கிலோ. மாசத்துக்கு 450. ஆறு மாச முற்றுகைக்கு 2,700. ஐம்பது கிலோ மூட்டையில் 54. "ஐம்பத்து நாலு மூட்டைதான்டா. ஒரு படகு வந்தா முடிஞ்சுது." அவர்கள் தின்றது கோதுமை என்றேன். "கோதுமைன்னா மட்டும் எடை கொறைஞ்சிடுமா?"

ரசீதை அவர் பையில் வைத்துக்கொண்டார், நான் பிறகு கேட்டு வாங்கினேன். அந்தக் கணக்கில் எல்லாமே இருக்கிறது. ஐம்பத்து நாலு மூட்டை ஒரு சின்னக் கப்பலுக்கு ஒன்றுமே இல்லை. அதையே மழையில் வழுக்குகிற மலைப்பாதையில் குதிரை முதுகில் ஏற்றி, ரெண்டு பக்கமும் புதருக்குள் வில்லோடு உட்கார்ந்திருக்கிற ஆட்களைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டுமென்றால், மூட்டையைக் காப்பாற்ற ஒரு படை வேண்டும், அந்தப் படைக்குச் சோறு போட இன்னும் மூட்டை வேண்டும்.

எட்வர்டுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அதே கணக்கை வைத்துத்தான் எதிரியை மடக்கினார். வடக்கு வேல்ஸின் இளவரசர் லெவெலின் அப் கிரிஃபித்துக்கு இருந்த பலமே மலைதான். ஸ்னோடோனியா மலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எந்தப் படையும் உள்ளே வந்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த மலையில் பெரிதாகத் தானியம் விளையாது. விளைவது எதிரே இருக்கிற ஆங்கில்சி தீவில். அதை வேல்ஸின் தாய் என்றே அங்கே சொல்வார்கள். 1277இல் எட்வர்ட் மலைக்குள் ஏறவே இல்லை. கப்பலில் ஆங்கில்சிக்கு வீரர்களையும், அவர்களோடு அரிவாளோடு முந்நூறுக்கும் மேற்பட்ட அறுவடை ஆட்களையும் அனுப்பி, விளைந்து நின்ற கதிரை அறுத்துக்கொண்டுவிட்டார். நவம்பரில் லெவெலின் இறங்கிவந்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு அலட்டல் இல்லாத போர் உத்தி ஒன்றை நான் படித்ததே இல்லை. அடுத்தவன் வயலை அறுத்ததுதான் வெற்றி.

1282இல் மறுபடியும் போர் வெடித்தது. அந்த டிசம்பரில் லெவெலின் கொல்லப்பட்டார். அதன் பிறகு வரிசையாக எழுந்தவைதான் கான்வியும் கார்னார்வனும் ஹார்லெக்கும். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் எல்லாம் கடற்கரையை ஒட்டியே வருகின்றன. மலையைச் சுற்றி ஒரு கயிறு மாதிரி.

வேல்ஸ் இளவரசர்கள் கட்டிய கோட்டைகளின் புள்ளிகளை அதே வரைபடத்தில் வைத்தால் பெரும்பாலும் உள்ளே போய் விழும். லான்பெரிஸ் கணவாயின் வாயில் டோல்பாடர்ன், ஏரியைப் பார்த்தபடி. இன்னொரு பள்ளத்தாக்கில் டோல்விதெலன். தெற்கே ஒரு கரட்டின்மேல் காஸ்டெல் அ பேர, 1221இல் லெவெலினின் தாத்தா தொடங்கியது, பாறை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து கிடக்கிற கோட்டை. அவர்களுக்கு இது சரியான இடம்தான். அவர்கள் காப்பாற்ற வேண்டியது கணவாயையும் மேய்ச்சலையும் மாடுகளையும். சுற்றி இருக்கிற ஜனம் அவர்களுடைய ஜனம், சோறு நாலாபக்கமும் இருந்து வரும். அதே கோட்டை கை மாறி ஆங்கிலேயனிடம் போனதும் சுற்றியிருக்கிற ஒவ்வொரு வீடும் எதிரி வீடாகிவிடுகிறது. நம் பழைய ஆட்கள் நீரரண், மலையரண், காட்டரண் என்று வகை பிரித்து வைத்திருக்கிறார்களே, மலையரண் யாருக்கு அரண் என்பது உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறான் என்பதைப் பொறுத்தது.

காஸ்டெல் அ பேரவை எட்வர்டின் ஆட்கள் 1283 ஏப்ரலில் பிடித்தார்கள். பிடித்து, பழுது பார்த்து, பக்கத்தில் ஒரு சிற்றூர்கூட அமைத்தார்கள். 1294இல் மாடோக் அப் லெவெலின் என்கிற வேல்ஸ்காரர் எட்வர்டுக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தொடங்கியதும் அந்தக் கோட்டை முற்றுகைக்குள் சிக்கி எரிந்தது, அதன் பிறகு அதைத் திரும்பக் கட்ட யாரும் முன்வரவில்லை. அதே கிளர்ச்சியில் ஹார்லெக்கையும் தரைவழியாகச் சுற்றி வளைத்தார்கள். அதற்கு அயர்லாந்திலிருந்து கப்பலில் சாமான் வந்து நீர்வாயில் வழியாக மேலே ஏறியது. கோட்டை விழவில்லை. ரெண்டுமே பாறை மேல் இருப்பவை. ஒன்றின் அடியில் கடல் இருந்தது, இன்னொன்றிலிருந்து கடல் பல மைல் தூரம்.

கடல் ஓரம் என்றால் எல்லாம் சுபம் என்றும் இல்லை. கார்னார்வன் மெனாய் நீரிணையின் கரையில்தான் இருக்கிறது, அதே வருஷம் மாடோக்கின் ஆட்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள், ஏனென்றால் ஊர்ப்பக்கச் சுவர் அப்போது கட்டி முடியவில்லை. கான்வியிலோ ராஜாவே மாட்டிக்கொண்டார். 1295 ஜனவரி, எட்வர்டின் சாமான் வண்டிகளை வேல்ஸ்காரர்கள் மடக்கிவிட்டார்கள், ஆற்றில் வெள்ளம், கொஞ்ச நாளைக்குக் கப்பலும் வர வழியில்லை. ஒரே ஒரு பீப்பாய் ஒயின்தான் மிச்சம் இருந்தது, அதை ராஜாவுக்கென்று எடுத்து வைத்தபோது எல்லோருக்கும் பங்கு போடச் சொன்னார் என்று ஒரு கதை இருக்கிறது. ராஜாக்களைப் பற்றி இந்த மாதிரிக் கதைகளை நான் பாதிதான் நம்புவேன்.

கான்வியின் இடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆறு கடலில் கலக்கிற முனையில் ஒரு நீளமான பாறை முதுகு, அதன் மேல் எட்டுக் கோபுரங்கள். பாறை குறுகலாக இருப்பதால் ஹார்லெக்கில் போல ஒரு சுவருக்குள் இன்னொரு சுவர் எழுப்ப இடமில்லை, பாறை போட்ட கோட்டின் மேலேயே சுவரும் போகிறது. ஆனால் கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு மடம் இருந்தது. லெவெலினின் தாத்தாவைப் புதைத்த மடம். எட்வர்ட் துறவிகளை ஆற்றின் மேற்பக்கம் மேனன் என்ற இடத்துக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்திலேயே தன் கோட்டையையும் ஊரையும் வைத்தார். பாறையும் ஆறும் பொருத்தம் என்பது உண்மை. எதிரியின் பாட்டனார் சமாதி மேல் உட்காருகிற சந்தோஷமும் கூடவே கிடைத்திருக்கிறது. இடம் தேர்வு செய்கிற ஆள் மண்ணையும் நீரையும் மட்டுமா பார்க்கிறான்.

பியூமாரிஸ்தான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. பெயருக்கே அழகான சதுப்பு என்றுதான் அர்த்தம், பிரெஞ்சிலிருந்து வந்தது. ஆங்கில்சி கரையில் தட்டையான சேற்று நிலம், ஒரு மேடு கிடையாது, ஒரு பாறை கிடையாது. பக்கத்தில் லான்வைஸ் என்று நன்றாக நடந்துகொண்டிருந்த துறைமுக ஊர் ஒன்று இருந்தது. அதன் ஜனங்களைத் தீவின் இன்னொரு கோடிக்கு விரட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். கோட்டைக்கு ஏற்ற இடமே இல்லை என்று தோன்றும். ஆனால் நிலம் எந்த உதவியும் செய்யாத இடத்தில் நிலம் எந்தத் தடையும் சொல்லவில்லை. மாஸ்டர் ஜேம்ஸ் முதல் தடவையாக வெற்றுத் தாளில் வரைகிற மாதிரி வரைந்திருக்கிறார்: உள்ளே ஒரு சதுரம், அதைச் சுற்றி இன்னொரு மதில், அதைச் சுற்றி அகழி, எதிரெதிராக ரெண்டு பெரிய வாயில்மாடங்கள், எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒரே அளவு. அகழிக்குத் தண்ணீர் தேட வேண்டிய அவசியமே இல்லை, கடல் அலையேற்றம் தானாக நிரப்பிவிடும். நாங்கள் போன அன்று அகழியில் ரெண்டு அன்னம் நீந்திக்கொண்டிருந்தன, அப்பா அதில் ஒன்றுக்கு பிஸ்கட் போட்டு அறிவிப்புப் பலகையைப் பார்க்காத மாதிரி நடந்துவிட்டார்.

1296 பிப்ரவரியில் மாஸ்டர் ஜேம்ஸ் அரசாங்கக் கஜானாவுக்குப் பணம் கேட்டு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். 400 கொத்தனார்கள், 2,000 சிற்றாட்கள், 200 கல்லுடைப்பவர்கள், 30 கொல்லர்கள், கல்லும் நிலக்கரியும் கொண்டுவர 30 படகுகள் என்று கணக்குப் போகிறது. எழுநூறு வருஷத்துக்கு முந்தைய காண்ட்ராக்டர் கடிதம், இன்றைக்கு வந்தாலும் வித்தியாசம் தெரியாது. அதில் அவர் பெருமையாகச் சொல்கிற ஒரு விஷயம்: நாற்பது டன் கப்பல் முழுச் சுமையோடு, அலையேற்றத்தின்போது கோட்டை வாயில் வரைக்கும் வந்துவிடும். கப்பல் வந்து நின்ற அந்தத் துறை இப்போதும் தெற்கு வாயிலின் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது டன் என்றால், அப்பா கணக்கில், சுமார் 800 மூட்டை. அந்தக் கோட்டை கடைசிவரை கட்டி முடியவில்லை. காசெல்லாம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போய்விட்டது. கோபுரங்கள் வரைந்த உயரத்தைத் தொடாமல் குட்டையாகவே நின்றுபோயின.

நிலம் ஒத்துழைக்கவில்லை என்றால் நிலத்தையே மாற்றிய கதையும் இருக்கிறது. ரித்லன் கோட்டை, முதல் போர் முடிந்த சமயத்தில் 1277இல் தொடங்கியது. இடம் கடலிலிருந்து உள்ளே தள்ளி, க்ளுயிட் ஆறு வளைந்து நெளிந்து போகிற பக்கம். கப்பல் வர வேண்டுமே? ரெண்டு மைலுக்கு மேல் ஆற்றை ஆழமாகத் தோண்டி நேராக்கிவிட்டார்கள், மண்வெட்டியும் கூடையும்தான் கருவி. நாங்கள் அங்கே இறங்கவில்லை, காரிலிருந்தே பார்த்ததோடு சரி.

ஹார்லெக் அதற்கப்புறம் பலமுறை முற்றுகை பார்த்தது, பெரும்பாலும் தீர்ப்பு கடல் பக்கமிருந்துதான். 1404இல் வேல்ஸ் கிளர்ச்சித் தலைவர் ஒவைன் கிளிண்டூர் அதை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தபோது உள்ளே இருந்தவர்களிடம் மூன்று கேடயமும் எட்டுத் தலைக்கவசமும் ஆறு ஈட்டியுமாக ஏதோ இருந்திருக்கிறது. பாறை அதே பாறைதான். பிடித்தவர் அதையே தலைமையிடமாக வைத்துக்கொண்டார், ஆங்கிலப் படை திரும்ப முற்றுகையிட்டபோது பீரங்கியால் விழாத கோட்டை 1409இல் பட்டினியால் விழுந்தது. இங்கிலாந்து அரியணைக்காக இரண்டு கட்சிகள் மோதிய ரோஜாப் போர்களில் லங்காஸ்டர் கட்சிக்காரர்கள் 1461 முதல் 1468 வரை ஏழு வருஷம் தாக்குப்பிடித்தார்கள், கடல்வழி திறந்திருந்த தைரியத்தில். கடைசியாக, ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1647 மார்ச்சில் ராஜா கட்சியின் கோட்டைகளில் எல்லாவற்றுக்கும் பிந்திச் சரணடைந்ததும் இதுதான்.

கிளம்புவதற்கு முன்னால் நான் மட்டும் கோட்டைக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் இறங்கி மறுபடி ஏறினேன். ஃபோர்த் பென் லெக் என்று பெயர், 2019இல் உலகத்திலேயே செங்குத்தான தெரு என்று கின்னஸ் பட்டம் வாங்கி, அடுத்த வருஷமே அதை நியூசிலாந்தின் டுனெடின் தெருவிடம் பறிகொடுத்தது. தோளில் தண்ணீர் பாட்டிலும் குடையும் இருந்த ஒரு சின்னப் பை மட்டும்தான். பாதித் தூரத்தில் ஒரு வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஐம்பது கிலோ மூட்டையோடு 108 படி ஏறியவன் யாரோ, அவன் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. மாஸ்டர் ஜேம்ஸ் மூன்று வருஷம் ஹார்லெக்கின் அதிகாரியாகவே இருந்தார் என்பது மட்டும் இருக்கிறது.

காஸ்டெல் அ பேர இன்னும் பார்க்கவில்லை. டிக்கெட் கிடையாது, வேலி கிடையாது, கரட்டின் மேல் சும்மா திறந்து கிடக்கிறதாம். அப்பாவுக்கு விசா செப்டம்பர் வரைக்கும் இருக்கிறது. முழங்காலைப் பொறுத்து.